நாலாயிரம் பெட்டியும் ஒரு ‘ஆச்சா’வும்

ஒழுங்காக வேலை செய்யும்வரை யாரும் கவனிக்காத, கொஞ்சம் தாமதமானால் எல்லோரும் திட்டித் தீர்க்கிற ஒரு சின்னஞ்சிறு பொருளைச் செய்வது என் தொழில். பெயர் டூல்டிப். கம்ப்யூட்டர் திரையில் எதன்மேலாவது மவுஸை வைத்தால், பக்கத்தில் துளியூண்டு பெட்டி ஒன்று எட்டிப் பார்த்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறையுமே, அதுதான். பாலிகஞ்ச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய வீடொன்றின் இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து வெப் பக்கங்கள் செய்கிறோம். அந்த எட்டில் நான் ஒருத்தி. மவுஸை வைத்துவிட்டு, வருமா வராதா என்று திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் நம்மவர்தான். உங்களை அப்படி உட்கார வைத்ததில் என் பங்கு என்ன என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, முடிந்தால் மன்னித்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் புரிந்தது

அப்பா வங்கி வேலையாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பெஹாலாவை விட்டு நகரவில்லை. நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். பள்ளிக்கூடத்தில் வங்காளம், தமிழ் எழுத்து மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம். பேச்சு வந்துவிட்டது. எழுத்தில்தான் எனக்கும் ல, ள இரண்டுக்கும் உள்ள தகராறு இன்றுவரை தீரவில்லை. ஒரே ஒரு ல-வை வைத்துக்கொண்டு வங்காளிகள் அத்தனை பேரும் நிம்மதியாக இருக்கிறார்களே என்று அம்மாவிடம் வாதாடியும் பார்த்திருக்கிறேன். நீங்கள் இப்போது படிப்பதையும் அவள்தான் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தாள்.

எட்டு வருஷமாக நான் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ‘கம்ப்யூட்டர்’ என்ற ஒரே சொல்லை வைத்து அக்கம்பக்கத்தில் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்து, மவுஸை நகர்த்தச் சொன்னேன். பெட்டி எட்டிப் பார்த்தது. எடுத்தாள், மறைந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி வந்தது. நாலைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

“பெரியவங்க பேசறப்ப ஊடால மூக்கை நீட்டாதேன்னு உன்னை அடிச்சு வளர்த்தேன். இப்ப அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?”

நாற்பதில் ஓடியது

சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டைத் தாண்டி ஒரு தனியார் சரக்குக் கம்பெனியின் கன்டெய்னர் யார்டு இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பெட்டிகள். அந்த யார்டை அப்படியே படமாகத் திரையில் காட்டுவது எங்கள் பக்கம். ஒரு பெட்டிக்கு ஒரு சின்னக் கட்டம். கட்டத்தின்மேல் மவுஸை வைத்தால் பெட்டியின் எண், யார் சரக்கு, எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று டூல்டிப் சொல்லும். பார்த்துவிட்டு ‘சரி’ என்று ஒரு அழுத்து அழுத்தினால் பெட்டி புறப்படும். கூடவே, ஒவ்வொரு பெட்டிக்கும் ஊழியர் எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறார் என்று எண்ணுகிற ஏற்பாடு ஒன்றும் கேட்டார்கள். அதையும் செய்தேன். மவுஸ் கட்டத்தில் பட்டதும் எண்ண ஆரம்பிக்கும், ‘சரி’ அழுத்தியதும் நிறுத்தும். அதைப் பற்றி அதற்குமேல் நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் ஆபீசில் நாற்பது கட்டங்களை வைத்துப் பரிசோதித்தோம். பறந்தது. கைதட்டிக்கொண்டோம். அங்கே இருந்தது நாலாயிரம் பெட்டி. நான் என்ன செய்திருந்தேன் என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே நாலாயிரம் டூல்டிப்பையும் செய்து, பக்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது போதாதென்று, மவுஸ் வருகிறதா என்று பார்க்க ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காவல் வேறு. பாவம், அந்தப் பழைய கம்ப்யூட்டர் அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு எப்படி ஓடும்? ஒரு மாதம் கழித்து யார்டிலிருந்து போன் வந்தது. கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் பெண்மணி இந்தியில் ஆரம்பித்தார். என் பெயர் மீனாட்சி என்றதும் சட்டென்று தமிழுக்கு வந்துவிட்டார். பெயர் விஜயா. கரக்பூர் ரயில்வே குடும்பம். கோபமெல்லாம் படவில்லை, வானிலை சொல்வது மாதிரிதான் சொன்னார்.

“மவுஸை வச்சுட்டு நான் போய் டீ எடுத்துட்டு வந்துடறேம்மா. வந்து பார்த்தாலும் அது இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

நேரில் போனது

போனில் கேட்டதை நான் முழுதாக நம்பவில்லை. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது வழக்கம். ஹௌரா போய் லோக்கல் வண்டி பிடித்து சாந்த்ராகாச்சியில் இறங்கினேன். விஜயா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். அங்கே எல்லோருக்கும் அவர் ‘விஜயாதி’. அக்காவை வங்காளத்தில் ‘தீதி’ என்பார்கள், அதன் வால்தான் அந்த ‘தி’. அவர் மவுஸை ஒரு வரிசை கட்டங்களின்மேல் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அவர் எப்போதோ தாண்டிப்போன கட்டங்களிலிருந்து டூல்டிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மவுஸ் ஒரு மூலையில், பதில் இன்னொரு மூலையில். நாற்பது நொடி கழித்து வந்த ஒரு டூல்டிப், பக்கத்துப் பெட்டியின் விவரத்தை அமைதியாகச் சொல்லிவிட்டுப் போயிற்று.

அவர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரிசை வாரியாகப் பெட்டி எண்களை எழுதி, திரைக்குப் பக்கத்தில் சுவர் பூரா ஒட்டியிருந்தார். மவுஸை வைப்பார், தாளைப் பார்ப்பார், டூல்டிப் வந்தபிறகு இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பார், அப்புறம்தான் ‘சரி’யை அழுத்துவார். நான் மாதக்கணக்கில் எழுதிய பக்கத்தைவிட அந்தக் காலண்டர் தாள் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அவரோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி பேசினார்.

“உன் பக்கத்தைத் தப்புச் சொல்லலம்மா. தாள் இருக்கிற வரைக்கும் அது நல்லாத்தான் வேலை செய்யுது.”

யார் தலையில் யார் நொடி

கிளம்பும்போதுதான் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு யார் எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறார்கள் என்ற பட்டியல். விஜயா அக்கா கடைசியில் இருந்தார். அடிக்கோடு வேறு. துர்கா பூஜைக்குப் பிறகு அவரை கன்ட்ரோல் ரூமிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றப்போகிறார்களாம். மேலாளர் சன்யால் பாபுவிடம் கேட்டேன். தன்மையான மனிதர், டீ வரவழைத்துக் கொடுத்தார். விஜயாதிமேல் தனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றும், கணக்கு எடுத்தது கம்ப்யூட்டர்தானே என்றும் சொன்னார். மற்றவர்கள் ஒத்துப் பார்க்காமலே ‘சரி’யை அழுத்திவிட்டுப் போகிறவர்கள். பதிலுக்காகக் காத்திருந்து சரிபார்த்தவர் இவர் ஒருவர்தான். அதனால்தான் கடைசி.

அந்த நொடிகள் அவருடையவை அல்ல, என்னுடையவை. மவுஸ் பட்டதும் எண்ண ஆரம்பி என்று எழுதியவள் நான். பதில் திரைக்கு வரும்வரை என் பக்கம் தூங்கிய நேரமெல்லாம் அவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. டீயைக் குடித்து முடித்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆபீசுக்கு வந்து எங்கள் முதலாளி தேபாஷிஷ்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘தா’ என்றால் அண்ணா. அண்ணாதான், கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியோடு அடுத்த வேலைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதலில் பக்கத்தை வேகமாக்கு, நம் கணக்கு தப்பு என்பதை அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எப்போது என்று கேட்டேன். புரட்டாசி பிறந்துவிட்டால் இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் கிடைக்கிற பதில்தான் எனக்கும் கிடைத்தது. பூஜை முடியட்டும் என்று அர்த்தம்.

“பூஜோர் பொரே, மீனாக்ஷி. பூஜோர் பொரே.”

ஒரே கண்டக்டர்

வேகமாக்குவது எப்படி என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை மினிபஸ்ஸில் கிடைத்தது. நாற்பது பேர் தொங்கிக்கொண்டு போகிற வண்டியில் ஒரே கண்டக்டர்தான். ஆளுக்கொரு கண்டக்டரா ஏறுகிறார்? யார் கை நீட்டுகிறார்களோ அங்கே போகிறார், சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், அடுத்த ஆளிடம் போகிறார். நானோ நாலாயிரம் பயணிகளுக்கு நாலாயிரம் கண்டக்டர்களை ஏற்றிவிட்டு, வண்டி ஏன் நகரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். மொத்த யார்டுக்கும் ஒரே ஒரு டூல்டிப், ஒரே ஒரு காவல். மவுஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கட்டத்தின் விவரத்தை மட்டும் அப்போதே எழுதி, அந்த இடத்துக்குப் போய் நிற்கும். திரையில் தெரியாத வரிசைகளை வரையவே வரையாது. உருட்டிக்கொண்டு போனால்தான் வரையும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட்டிப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது. தேபாஷிஷ்தா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் மவுஸை அங்குமிங்கும் ஓட்டினார். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

“இவ்வளவு சுலபம்னா முதல்லயே ஏன் இப்படிச் செய்யல?”

முந்திரிக்கொட்டை

சோதனைக்கென்று தனியாக ஒரு பக்கம் போட்டு, கொஞ்சம் பெட்டிகளை மட்டும் வைத்து விஜயா அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன். வேகம் போதவில்லையோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன். பிரச்சினை நேர்மாறாக இருந்தது. கடைசி வரிசைக்குப் போக மவுஸை நகர்த்தினால், வழியில் படுகிற ஒவ்வொரு கட்டமும் டூல்டிப்பை நீட்டிக் கண்ணைக் கட்டியது. வேகம் என்ற வெறியில் நிதானத்தை எடுத்துவிட்டிருந்தேன். நீங்களும் இப்படி யாரிடமாவது மாட்டியிருப்பீர்கள், வாய் திறப்பதற்குள் வந்து விழும் பதில்கள்.

பிறகு இரண்டு நாள் போனிலேயே சரிசெய்தோம். மவுஸ் ஒரு கட்டத்தில் கொஞ்சம் நின்றால்தான் டூல்டிப் வரவேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் கேள்வி. நான் எண்களாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர், ‘இது அவசரம்’, ‘இது தூக்கம்’ என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியில் கால் நொடிக்கும் குறைவான ஓர் இடத்தில் வந்து நின்றோம். அந்த இரண்டு நாளில் வாசல் கேட்டுக்கு மாற்றுவதைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அங்கே ஜன்னல் பக்கம் வெயில் விழுமா என்று தெரியவில்லை என்றார், அவ்வளவுதான். நான் பேச்சை மாற்றி, முதலில் அனுப்பியது அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று கேட்டேன்.

“கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிச்சும்மா. எங்க வீட்டுக்காரரே தேவல, பாதியாவது கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாரு.”

ஆச்சா

வெள்ளிக்கிழமை மதியம், நாலாயிரம் பெட்டியோடும் அதே சோதனைப் பக்கத்தை அக்கா பார்ப்பதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் திங்கட்கிழமை எல்லோருக்கும் போடுவோம். அந்த வெள்ளிக்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். பழைய பதிவுகளைத் தோண்டினால் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கம் எடுத்த நேரம் எவ்வளவு, மனிதர் எடுத்த நேரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அதைச் சன்யால் பாபுவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அக்காவிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அதனால் அவர் சரிபார்த்து, வண்டிக்குக் காத்திருந்த பெட்டிகளின் டூல்டிப்பில் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன், தமிழில். அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ‘ஆல் 3 நொடி, பக்கம் 41 நொடி.’ என் கோழைத்தனத்துக்கு அவ்வளவுதான் எட்டியது. பார்த்தபிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று பேரும் போனில் இருந்தோம். நான் சோதனைப் பக்கத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். தேபாஷிஷ்தா பொறுமை இழந்து, பக்கத்தைப் பார்த்தாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் இப்போதே போட்டுவிடலாமா விஜயாதி என்று வங்காளத்தில் கேட்டார். அதே நேரம் அக்கா, நான் ஏற்றி முடித்துவிட்டேனா என்று என்னிடம் தமிழில் கேட்டார். “ஆச்சா?” வங்காளத்தில் ‘ஆச்சா’ என்றால் ‘சரி, ஆகட்டும்.’ தேபாஷிஷ்தா மகிழ்ச்சியாகப் பொத்தானை அழுத்தினார். யார்டில் இருக்கும் அத்தனை திரைகளிலும் என் தமிழ் வரி ஏறிவிட்டது. மூன்று நிமிஷம் யாருக்கும் எதுவும் தெரியாது. நாலாவது நிமிஷம் அடுத்த போன் அடித்தது. சன்யால் பாபு.

“மீனாக்ஷி மேடம், பக்கம் நல்லா ஓடுது. ஆனா பெட்டிக்குப் பெட்டி ஜிலிபி பிழிஞ்சு வச்சிருக்கே, அது என்ன?”

படித்துச் சொன்னவர்

நம் எழுத்தைப் பார்த்தால் இந்த ஊரில் பலருக்கு ஜிலேபிதான் ஞாபகம் வரும், அதில் எனக்குக் கோபம் இல்லை. திரையில் இருந்த எண்களைப் பார்த்ததுமே தேபாஷிஷ்தாவுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்துவிட்டது. ஒரு தாளில் ‘சோதனை வரி, எடுத்துவிடுகிறோம்’ என்று எழுதி என் முன்னால் தள்ளினார். அதைப் படித்துவிட்டால் முடிந்தது. இரண்டு நிமிஷத்தில் வரியை எடுத்துவிடலாம், பூஜை வரும், அக்கா வாசல் கேட்டுக்குப் போவார். அந்தத் தாளை நான் இரண்டு தடவை பார்த்தேன். சாந்த்ராகாச்சியில் குடித்த டீ ஞாபகம் வந்தது. அது தமிழ் சார், விஜயாதி பக்கத்தில்தானே இருக்கிறார், அவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா வந்து நிற்பதும், கண்ணாடியைப் போட்டுக்கொள்வதும் கேட்டது. பிறகு வங்காளத்தில், ஆள் மூன்று நொடி, பக்கம் நாற்பத்தொரு நொடி என்றார். சன்யால் பாபு அடுத்த பெட்டியைப் படிக்கச் சொன்னார். ஆள் நாலு, பக்கம் முப்பத்தெட்டு. அடுத்தது. அடுத்தது. பத்துப் பன்னிரண்டு பெட்டி படித்திருப்பார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதெல்லாம் உண்மையா என்று சன்யால் பாபு என்னிடம் கேட்டார். உண்மை, எண்ண ஆரம்பித்த இடம் தப்பு, அந்தத் தப்பு என்னுடையது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தேபாஷிஷ்தா போனைத் தன் பக்கம் இழுத்து, தப்பு எங்கள் கம்பெனியுடையது, அந்தப் பெண் தனியாகச் செய்ததல்ல என்றார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்தத் தாளை அவரே கசக்கிப் போட்டதையும் பார்த்தேன்.

அடுத்த வேலை எங்களுக்குக் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை, பூஜோர் பொரே தெரியும் என்கிறார்கள். ஆனால் கதவுப் பக்கத்துப் பட்டியலை சன்யால் பாபு அன்று மாலையே கிழித்தெடுத்துவிட்டார், வாசல் கேட்டுக்கு மாற்றுவதும் நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் விஜயா அக்கா கூப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை, வேறு ஒரு புகார் வைத்திருந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். பெட்டிக்குப் பெட்டி ‘ஆல் 3 நொடி’ன்னு எழுதியிருக்கியே, நான் என்ன ஆலமரமா? ஆள்னு எழுதும்மா, ஆள்.”

டூல்டிப்பை வேகமாக்க எனக்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது, அதில் வரவேண்டிய ஒரு வரி உண்மையைச் சொல்லத்தான் தமிழ் தெரியாத ஒருவர் ஒரு ‘ஆச்சா’வைத் தப்பாகக் காதில் வாங்க வேண்டியிருந்தது.